கிடாரமும் அகப்பையும் தந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

2024 செப்டெம்பர் 22ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் சமர்செட்டில் உள்ள எங்கள் ஊர் மண்டபத்தில் அறுவடை விருந்துக்கு 63 பேர் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். சட்டிபானை கழுவி முடிய இரவு பதினொரு மணியாகிவிட்டது. காலெல்லாம் உளைவு. ஒருவருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லாமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அது மூன்று கிழமையாக நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

ஆங்கிலத்தில் ஒரு மடல் எழுதி மண்டபத்துக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பிரிஸ்டலில் இருந்து வந்து கைகொடுத்த எங்கள் சனத்துக்காகவும், "சமர்செட்டில் இருந்துகொண்டு அப்படி என்னத்தைச் சமைத்தாய்?" என்று கேட்ட சொந்தபந்தங்களுக்காகவும் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதலில், அது என்ன விருந்து என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கிளாஸ்டன்பரிக் குன்றைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் பேகன் நெறியைப் பின்பற்றுகிற குடும்பங்கள் கனபேர் இருக்கிறார்கள். 2021 குடிசனக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 74,000 பேர் தங்கள் சமயம் பேகன் என்று எழுதியிருக்கிறார்கள். வருடத்தை எட்டுத் திருநாளாகப் பிரித்து மண்ணையும் சூரியனையும் கும்பிடுகிறவர்கள் அவர்கள். ஓகஸ்ட் முதலாம் திகதி தானிய அறுவடைக்கு, ஒக்டோபர் கடைசி நாள் முன்னோருக்கு. நடுவில், பகலும் இரவும் சமமாகிற நாளில், பழத்துக்கும் கிழங்குக்கும் நன்றி சொல்லும் விருந்து. அதைப் பலர் 'மாபன்' என்பார்கள். பழைய வேல்ஸ் கதையில் வரும் மாபன் என்ற பிள்ளையின் பெயரை எடுத்து, 1970களில் அமெரிக்காவில் ஏடன் கெல்லி என்பவர் இத்திருநாளுக்கு வைத்தார். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அந்தப் பெயரைச் சொல்வதில்லை. இங்கிலாந்துக் கமக்காரர் காலங்காலமாகச் சொல்லிவந்த 'ஹார்வெஸ்ட் ஹோம்' என்பதுதான் அவருக்கு. கதிர் வீடு வந்து சேர்ந்தது என்று பொருள். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

என் முதல் நன்றி அந்த அம்மாவுக்கு. என் பிள்ளைகள் அவரை அம்மம்மா என்றே கூப்பிடுகிறார்கள். நாங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் வருடமே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பந்தியில் இருத்தியவர். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவருக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் உரிப்பது, கோப்பை கழுவுவதுதான் என் வேலை. இந்த முறை விருந்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்க, விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு என் வீட்டுக் குசினியில் வந்து இருந்து, "இந்த வருடம் அகப்பை உன் கையில்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. என்ன சமைப்பது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சப்பாத்தைப் போடு, நடப்போம் என்றார்.

அந்த நடையை மறக்க மாட்டேன். உயிர்வேலி ஓரமாக ஒரு மணித்தியாலம் நடந்தோம். பிளாக்பெரி எந்த மேட்டில் கறுத்திருக்கிறது, எது இன்னும் சிவப்பு, ஹேசல் கொட்டையை அணில் எவ்வளவு விட்டுவைத்திருக்கிறது, எந்தத் தோட்டத்தில் பூசணியின் காம்பு காய்ந்துவிட்டது என்று நல்ல கையால் சுட்டிச் சுட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். திரும்பி வீடு வந்தபோது சமையல் பட்டியல் என் மனதில் தானாக எழுதப்பட்டிருந்தது. பூசணிக்குள் காளானும் ஹேசலும் தைம் இலையும் அடைத்துச் சுடுவது. பார்லியும் கரட்டும் லீக்ஸும் பார்ஸ்னிப்பும் போட்டு ஒரு கஞ்சி. பக்கத்து மலையடிவாரத்துச் செடார் ஊர்ச் சீஸ். ஆப்பிளும் பிளாக்பெரியும் சேர்த்து, மேலே மாவும் பட்டரும் சீனியும் பிசிறித் தூவிச் சுடுகிற கிரம்பிள். நடுவில் கதிர்க்கட்டுப் பாண். கடையில் வாங்கும் சாமான் என்று பார்த்தால் உப்பு, சீனி, பட்டர், ஈஸ்ட் இவ்வளவுதான்.

மாத் தந்த கமக்காரக் குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வது? இந்த வருடம் இங்கிலாந்தில் கோதுமை எப்படி விளைந்தது என்று எல்லோருக்கும் தெரியும். போன மாரி முழுக்கப் பெய்த மழையில் வயல் நீர் கட்டி விதைக்க முடியாமல் போயிற்று. ஒக்டோபரில் வந்த அரசாங்கக் கணக்கு, போன வருடத்தைவிட விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்கிறது. அப்படிப்பட்ட வருடத்தில், கேட்க வாயெடுக்க முன்னமே ஒரு மூடை மாவை வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். காசு வாங்கவில்லை. "விளைந்த வருடம் மட்டும் தந்தால் அது என்ன விருந்து?" என்று அந்த வீட்டுப் பெண் சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த மாவில் செய்த கதிர்க்கட்டுப் பாணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கட்டி நிறுத்திய கோதுமைக் கதிர் போல, ஒரு தட்டு அகலத்துக்குச் செய்கிற பாண் அது. சாதாரண பாணுக்குப் போடுகிற ஈஸ்ட் போட்டால் பொங்கி உருவம் அழிந்துவிடும். ஆகவே ஈஸ்ட் மிகக் குறைவு, மா இறுக்கம். தண்டுகளுக்கு மாவை மெல்லிய கயிறாக உருட்டி அடுக்க வேண்டும். ஒவ்வொரு கதிருக்கும் சுண்டுவிரல் அளவு மாவை உருட்டி, கத்தரிக்கோல் நுனியால் இரண்டு பக்கமும் நறுக் நறுக் என்று வெட்டிவிட்டால் மணி மணியாக எழும்பி நிற்கும். அப்படி நூற்றுக்கு மேல். சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அம்மம்மா கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, என் மகளும் அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேரும் வெட்டினார்கள். கடைசியில் தண்டில் ஏறுகிற மாதிரி ஒரு சின்ன எலி. அது இல்லாமல் கதிர்க்கட்டு நிறையாது. அறுவடையில் எலிக்கும் பங்கு உண்டு என்பார் அம்மம்மா. எலிக்குக் கண் வைக்க இரண்டு மிளகு என்னுடைய அலுமாரியில் இருந்து போனது.

முட்டை பூசி, போறணைக்குள் வைக்கப் போகிற நேரத்தில் மண்டபத்துப் போறணை செத்துவிட்டது. மாலை ஏழு மணி. இந்தப் பாண் முதலில் நல்ல சூட்டிலும் பிறகு சூட்டைத் தணித்து மணிக்கணக்கிலும் கிடந்து காய வேண்டும். வீட்டுப் போறணை எதிலும் அந்தத் தட்டுப் போகாது. நான் படியில் இருந்து அழுதேன் என்பதை மறைக்கவில்லை. அப்போதுதான் கடைத்தெருப் பாண்காரர், விடியப்புறம் இரண்டு மணிக்கு எழும்ப வேண்டிய மனிதர், படுக்கையில் இருந்து எழும்பி வந்து கடையைத் திறந்தார். தன்னுடைய போறணையில் வைத்து, காவலுக்குத் தானே இருந்தார். ஞாயிறு காலையில் நான் போனபோது தேன் நிறத்தில், தட்டினால் மரம் போலச் சத்தம் வர, எலி மீசை கூடக் கருகாமல் அந்தப் பாண் மேசையில் கிடந்தது. ஐயா, உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பூசணிகளையும் கிரம்பிளையும் நீங்கள்தான் அங்கேயே சுட்டுத் தந்தீர்கள்.

தோட்டக்கார ஐயாவின் பிராம்லி ஆப்பிளுக்கும் நன்றி. பிராம்லி சமையலுக்கென்றே உள்ள ஆப்பிள். பச்சையாகக் கடித்தால் பல் கூசும். 1809இல் நொட்டிங்ஹாம்ஷையரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி போட்ட விதையில் இருந்து வந்த மரம் அதன் தாய்மரம். பெயர் மட்டும் பின்னர் அந்த வீட்டை வாங்கிய பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரருக்குப் போய்விட்டது. சூடு பட்டவுடன் அது நுரை போலக் கரைந்து பிளாக்பெரிச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். 12 கிலோ ஆப்பிளைச் சீவித் துண்டு போட்டது பிரிஸ்டலில் இருந்து வந்த நீங்கள் ஐந்து பேரும்தான். அக்காமாரே, உங்கள் கைவேகத்தை இங்கத்தைய ஆட்கள் இன்னும் கதைக்கிறார்கள். மா மூன்று கிலோ, பட்டர் ஒன்றரை, சீனி ஒன்றரை என்று பிசிறிக்கொண்டே, "புட்டுக்குக் கொத்துகிற மாதிரித்தானே" என்று ஒருவர் சொன்னீர்கள். அதற்குப் பிறகு எனக்குக் கைநடுக்கம் நின்றது. நீங்கள் காரில் ஏற்றி வந்த இரண்டு கிடாரமும் இல்லாவிட்டால் அந்தப் பார்லிக் கஞ்சியை எதில் காய்ச்சியிருப்பேன்?

பிளாக்பெரி பிடுங்கிய சின்னப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும், கையில் முள்ளுக் குத்தியும் அழாத கடைக்குட்டிக்கும் என் முத்தம். செப்டெம்பர் 29இல் வரும் மிக்கேல் திருநாள் கழிந்தால் சாத்தான் அந்தப் பழத்தில் துப்பிவிடுவான், பிறகு பிடுங்கக் கூடாது என்று இங்கே பழைய பேச்சு. அதற்கு ஒரு கிழமை முந்தியே நீங்கள் நாலு கிலோ கொண்டுவந்துவிட்டீர்கள்.

மேசைகளும் இருக்கிற வாங்குகளும் தந்த தேவாலயத்தாரையும் சொல்லாமல் விட முடியாது. அவர்களுக்கும் அறுவடைத் திருநாள் உண்டு. 1843இல் கோர்ன்வாலின் மோர்வென்ஸ்டோ ஊரில் ஹோக்கர் என்ற குரு தொடங்கிவைத்தது பரவியது. யாருடைய விருந்துக்கு என்று கேட்காமல் மேசைகளைத் துடைத்து அனுப்பினார்கள்.

எண்பத்தெட்டு வயதுத் தாத்தா ஒருவர் காட்டு ரோசாப் பழத்தில் பாணி காய்ச்சச் சொல்லித் தந்தார். யுத்தகாலத்தில் தோடம்பழம் வராமல் போனபோது, அதற்குப் பதிலாக வைட்டமின் சிக்காகப் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பழத்தைப் பொறுக்கிக் கொடுத்தார்களாம், அவரும் ஒருவர். உள்ளே இருக்கிற மயிர் தொண்டையைக் கடிக்கும் என்று துணியில் இரண்டு தரம் வடிக்க வைத்தார்.

மழை காரணமாகத் தோட்டத்தில் பந்தி வைக்க முடியவில்லை. ஆனாலும் சாப்பிட முதல் எல்லோரும் குடையோடு ஆப்பிள் மரத்தடிக்குப் போனோம். அம்மம்மா ஓர் ஆப்பிளைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். நடுவில் விதைகள் ஐந்துமுனை நட்சத்திரமாக இருந்தன. ஒரு பாதியையும் ஒவ்வொரு பதார்த்தத்தில் ஒரு கரண்டியையும் வேரடியில் வைத்து, ஆப்பிள் மதுவான சைடரை ஊற்றினார். "அது அவையளின்ர சாமியெல்லோ, உனக்கென்ன அங்க வேலை?" என்று கேட்ட என் சின்னம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஊரில் தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, அதாவது புது நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, என் அம்மா முற்றத்தில் முதல் படையலை வைத்துவிட்டுத்தான் எங்களுக்குத் தருவா. நனைந்த புல்லில் நின்றபோது எனக்கு அந்த முற்றம்தான் தெரிந்தது. கை தானாகக் குவிந்தது.

பரிமாறியவர்கள், கார் ஓடியவர்கள், கோப்பை கழுவிய பெடியன்கள் எல்லோருக்கும் நன்றி.

கிடாரம் இரண்டும் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை பிரிஸ்டலுக்குக் கொண்டுவருவேன். ரோசாப் பாணி வீட்டுக்கு ஒரு போத்தலாக எடுத்து வைத்திருக்கிறது. பிடி கொஞ்சம் எரிந்த மர அகப்பை ஒன்று மிஞ்சிக் கிடக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. உரியவர் வந்து எடுங்கள், தேநீர் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி