‘இன்ஃப்ளேமபிள்’ தீப்பிடிக்கும்!

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் ஆங்கில எதிர்ச்சொற்களின் பட்டியல் வந்திருந்தது. அதில் ‘ஃப்ளேமபிள்’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று போட்டு, பக்கத்திலேயே ‘தீப்பிடிக்காத’ என்று பொருளும் அச்சாகியிருக்கிறது. தவறு. இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான்: எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. டப்பாவின் மேல் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, சரி, இது பற்றாது என்று ஒரு பிள்ளை அதை அடுப்புப் பக்கம் வைத்துவிடக் கூடாதே என்றுதான் உடனே எழுதுகிறேன்.

பட்டியல் போட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. ‘இன்’ வந்தால் எதிர்ப்பொருள் என்று ஒரே வரியில் படித்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சொல்லைப் பிரித்த இடத்தில்தான் பிசகு. ‘இன்ஃப்ளேம்’ என்றால் பற்றவை, மூட்டிவிடு. அதுதான் பகுதி. ‘அபிள்’ விகுதி. இங்கே உள்ள ‘இன்’ லத்தீனில் ‘உள்ளே’ என்ற பொருளில் வரும் வேறொரு முன்னொட்டு; இல்லை என்று சொல்லும் ‘இன்’ அல்ல. மக்கள் இப்படிக் குழம்புகிறார்கள் என்றுதான் 20ஆம் நூற்றாண்டில் தீத்தடுப்புத் துறையினர் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதச் சொன்னார்கள். உண்மையான எதிர்ச்சொல் ‘நான்ஃப்ளேமபிள்’.

நான் பள்ளியில் தமிழ் எடுப்பவன். ஆங்கிலத்தில் புலி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். போன மாதம் அவள் ‘ரெஸ்பான்ஸிபிள்’ என்பதற்கு ‘அன்ரெஸ்பான்ஸிபிள்’ என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டாள். ‘இர்ரெஸ்பான்ஸிபிள்’தான் சரி. ஏன் என்று கேட்டதற்கு வகுப்பில் கிடைத்த பதில், “அதெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கணும்.”

அன்றைக்கு ராத்திரி ஒரு தாளில் ‘மரம் + கள்’ என்று எழுதிக் காட்டாமல், வாயாலேயே கேட்டேன். சேர்த்தால் என்ன வரும்? “மரங்கள்.” ம் எங்கே போச்சு? “க பக்கத்துல வந்ததால ங் ஆயிடுச்சு.” சரி, இப்போது ‘பாஸிபிள்’ முன்னால் ‘இன்’ சேர்த்து வேகமாகச் சொல் என்றேன். இன்பாஸிபிள், இன்பாஸிபிள் என்று நாலு தடவை சொன்னாள். ஐந்தாவது தடவை சிரித்துவிட்டாள். “அப்பா, உதடு தானா மூடிக்குது, இம்முனுதான் வருது!”

அவ்வளவுதான் விஷயம். ப சொல்ல உதடு மூட வேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் ன் அந்த உதட்டுக்கு ஏற்ப ம் ஆகிவிடுகிறது. ‘லீகல்’ முன்னால் ல் ஆகி ‘இல்லீகல்’. ‘ரெகுலர்’ முன்னால் ர் ஆகி ‘இர்ரெகுலர்’. கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆகும்போது ந வேற்றுருவம் கொண்டு ண ஆகிவிடுகிறதே, அந்த மாதிரி. இந்த மாற்றமெல்லாம் லத்தீனிலேயே நடந்தது. ஆங்கிலம் அந்த அமைப்பை அப்படியே வாங்கிக்கொண்டது. ‘அன்’ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. அது எந்த எழுத்துக்கும் வளைந்து கொடுக்காது. லத்தீன் வழி வந்த ‘லீகல்’ சட்டவிரோதம் என்ற பொருளில் ‘இல்லீகல்’ ஆகிறது. அதே பொருளுக்கு ‘லா’விலிருந்து வருவது ‘அன்லாஃபுல்’.

லத்தீன் சொல் என்றால் ‘இன்’, ஆங்கிலச் சொல் என்றால் ‘அன்’ என்று இதையும் ஒரு விதியாக்கிவிடாதீர்கள். ‘பாப்புலர்’ லத்தீன்தான், ஆனாலும் ‘அன்பாப்புலர்’. ஒரே குடும்பத்துக்குள்ளேயே சண்டை உண்டு: ‘அன்ஏபிள்’ ஆனால் ‘இன்எபிலிட்டி’, ‘அன்ஈக்வல்’ ஆனால் ‘இன்ஈக்வாலிட்டி’, ‘அன்ஜஸ்ட்’ ஆனால் ‘இன்ஜஸ்டிஸ்’. பெயரடைக்கு ‘அன்’, பெயருக்கு ‘இன்’ என்று இந்த ஜோடிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்கு நிற்கும். உங்கள் பட்டியலிலோ ‘அன்ஈக்வல்’ ஓரிடத்திலும் ‘இன்ஈக்வாலிட்டி’ இருபது சொல் தள்ளியும் கிடக்கின்றன. ‘இன்வேல்யுபிள்’ என்பதற்கு மதிப்பில்லாதது என்று எழுதும் மாணவனுக்கும் தமிழே வழி காட்டும். நாம் ‘விலைமதிப்பற்ற’ என்கிறோமே, அதே கணக்கு. விலை போட முடியாத அளவுக்கு உயர்ந்தது.

நம் பிள்ளைகள் வந்தனன் என்ற சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறாகப் பிரிக்கிறவர்கள். அடுத்த பீரியடில் ஆங்கிலப் புத்தகம் திறந்ததும் அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். இறந்தகாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான் என்று த், ட், ற், இன் நான்கும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆங்கிலத்தில் எழுத்தில் ஒரே விகுதிதான், ஒலியில் மூன்று. ‘வாக்’ உடன் சேர்ந்தால் பட்டத்தில் வரும் அழுத்தமான ட்; ‘ப்ளே’ உடன் சேர்ந்தால் டமாரத்தில் வரும் ட; ‘வான்ட்’ உடன் சேர்ந்தால் ஒரு உயிரொலியும் கூடி ‘வான்டிட்’. முன்னால் எந்த ஒலி இருக்கிறது என்பதே இதைத் தீர்மானிக்கிறது. ‘வாக்கெட்’ என்று படிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

அதே பக்கத்தில் வாக்கியத்தின் கடைசியில் ‘டு’, ‘வித்’ போன்ற ப்ரெபொசிஷன் வரவே கூடாது என்றும் ஒரு விதி. ‘ஹூ ஆர் யூ டாக்கிங் டு?’ என்று ஆங்கிலேயரே பேசுகிறார்கள். ஆங்கிலக் கவிஞர் டிரைடன் 1672இல் நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இதைக் குற்றமாகச் சொன்னார். இன்றைய இலக்கணக்காரர்கள் அதைத் தவறாகக் கொள்வதில்லை. அதை எடுத்துவிடலாம்.

இன்னொன்று, உங்கள் பதவியைப் பற்றியே. ‘ஆக்ட்’ செய்பவர் ‘ஆக்டர்’ என்பதுபோல ‘எடிட்’ செய்பவர் ‘எடிட்டர்’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வரலாறு தலைகீழ். ‘எடிட்டர்’ முதலில் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டார். அதன் வாலை வெட்டித்தான் ‘எடிட்’ என்ற வினையை உண்டாக்கினார்கள். பிள்ளைகளுக்கு இதைப் போடுங்கள், ரசிப்பார்கள்.

திருத்தம் வெளியிடும்போது தயவுசெய்து மூலையில் பொடி எழுத்தில் போட வேண்டாம். மாணவர் பக்கத்திலேயே, கண்ணில் படும்படி வேண்டும். பிள்ளைகள் அந்தப் பட்டியலை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருப்பார்கள். என் மகளும் ஒட்டியிருந்தாள். இப்போது அந்த ஒரு வரிமேல் சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் ‘தீப்பிடிக்கும்!’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்