அது நெருப்பும் அல்ல, அந்தப் படம் போட்டோவும் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு கேலக்ஸியின் நடுவிலுள்ள கருந்துளையின் இரு பக்கமும் கிளம்பும் 'போர்ஃபிரியன்' என்ற ராட்சதத் தாரை ஜோடியைப் பற்றி நமது நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். 2.3 கோடி ஒளியாண்டு நீளம், நம் பால்வீதியைப் போல 140ஐ வரிசையாக வைத்தால் வரும் தூரம் என்ற கணக்கெல்லாம் சரி. ஆனால் 'கருந்துளை கக்கிய நெருப்பு' என்று தலைப்புப் போட்டுவிட்டீர்கள். முப்பத்தோரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவனுக்கு அதைப் படித்ததும் காபி இறங்கவில்லை.

கருந்துளைக்குள் போனது போனதுதான், அதைக் கக்க முடியாது. உள்ளே விழப்போகும் வாயு அதைச் சுற்றித் தட்டுபோலச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் காந்தப்புலம் முறுக்கேறுகிறது. விழுவதற்கு முன்பே ஒரு பங்கு, சுழல் அச்சின் இரு பக்கமும், ஒளிவேகத்தை நெருங்கும் வேகத்தில் வீசியெறியப்படுகிறது. அதைத்தான் தாரை என்கிறோம். அதிலுள்ள எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுற்றிச் சுற்றி ரேடியோ அலையாக ஆற்றலை விடுகின்றன. நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. கூடவே அச்சிட்ட அந்தப் பளபளப்பான படம் ஓவியர் வரைந்தது. அதன் கீழே 'ஓவியம்' என்று ஒரு சொல் போட்டிருக்கலாம்.

எங்கள் கேரட் தோட்டத்தில் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. கரும்பலகையில் புரியாத பிள்ளைகளுக்கு அங்கேதான் காட்டுவேன். ஹோஸின் வாயைத் தண்ணீருக்கடியில் அமிழ்த்திப் பிடித்து மோட்டாரைப் போட வேண்டும். கேரட் கழுவின மண் அடியில் கிடப்பதால் நீரோட்டம் தெளிவாகத் தெரியும். வால்வைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் இரண்டு முழம் போவதற்குள் தள்ளாடி, கலங்கி, பரவிவிடும். முழுக்கத் திறந்தால் நூல் பிடித்ததுபோல நேராகப் போய் எதிர்ச்சுவரில் முட்டி, இரு பக்கமும் சுருண்டு திரும்பி வரும். இப்படித் தாரை வீசி ரேடியோ அலை விடும் கேலக்ஸிகளும் இதேபோல இரண்டு ரகம் என்று ஃபனாரோஃப், ரைலி என்ற இரு வானியலாளர்கள் 1974இல் பிரித்துக் காட்டினார்கள். நேராகப் போகிற ரகத்தில் முட்டுகிற இடம் பிரகாசமாகத் தெரியும். திரும்பி வந்து தேங்குவது பெரிய மடலாக உப்பும். அங்கே சுவர் என்பது கேலக்ஸிகளுக்கு இடையிலுள்ள மிக மெல்லிய வாயு. தாரை அதைத் தள்ளத் தள்ள அது விலகிக்கொண்டே போகிறது, நீளமும் கூடிக்கொண்டே போகிறது. சுமார் 23 லட்சம் ஒளியாண்டைத் தாண்டினால் 'ராட்சத' பட்டம். போர்ஃபிரியன் அதில் பத்து மடங்கு! அவ்வளவு தூரம் கோணாமல் போயிருக்கிறது என்றால், நடுவிலிருக்கும் கருந்துளையின் அச்சு எவ்வளவு காலம் அசையாமல் நின்றிருக்க வேண்டும்?

செய்தியில் நான் தேடிக் கிடைக்காதது இன்னொன்று. எங்கள் ஊரில் கரண்ட் போகும், வரும். போனால் தொட்டியில் பழைய கலங்கல் மெதுவாக அடங்கும். வந்தால் அந்தக் கலங்கலுக்குள்ளேயே புதுத் தாரை கிளம்பும். வானத்திலும் அதே கதைதான். 1974இல் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியில் அளந்த 3சி 236 என்ற ராட்சதன் சுமார் 1.5 கோடி ஒளியாண்டு நீளம். அதன் நடுவில் சில ஆயிரம் ஒளியாண்டே நீளமுள்ள குட்டித் தாரை ஜோடி ஒன்று இருக்கிறது. இடையில் சுமார் ஒரு கோடி ஆண்டு மோட்டார் நின்றிருந்து மறுபடி ஓடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய மடல்கள் மங்கும்போது உயர் அதிர்வெண்ணில் முதலில் மறையும், குறைந்த அதிர்வெண்ணில் நெடுநாள் தெரியும். குறைந்த அதிர்வெண்ணில் பார்க்கும் ஐரோப்பிய ரேடியோ தொலைநோக்கியான லோஃபார் இந்த ராட்சதர்களைக் கொத்துக் கொத்தாகப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

லோஃபாரை எழுதினீர்கள், மகிழ்ச்சி. ஆனால் போர்ஃபிரியன் எந்தக் கேலக்ஸியிலிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்கக் கைகொடுத்தவற்றில் புனேக்கு வடக்கே கோடத் கிராமத்தில் இருக்கும் நம் நாட்டு ரேடியோ தொலைநோக்கியும் உண்டு. 45 மீட்டர் அகலத்தில் 30 ஆன்டெனாக்கள். ஒரு வரிகூட இல்லையே! அதைக் கட்டிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப், அதற்கு முன் உதகைப் பக்கம் எங்கள் முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி கட்டினார். 530 மீட்டர் நீளம், பூமியின் அச்சுக்கு இணையாக வரும்படி சரியான சரிவுள்ள மலையைத் தேடிப்பிடித்து வைத்தார். 1970இலிருந்து ஓடுகிறது. ஒருமுறை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனபோது, பணியில் இருந்த ஒருவர் பழைய சார்ட் தாளை விரித்துக் காட்டினார். ரேடியோ அலை விடும் ஒரு கேலக்ஸியை நிலா மறைக்கும்போது சிக்னல் கோடு ஒரு படி இறங்கி, கொஞ்சம் நின்று, இன்னொரு படி இறங்கியிருந்தது. முதலில் ஒரு மடல், பிறகு மற்றது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "சார், நம்ம தொட்டி!" என்றான்.

திருத்தம் போடுவதானால் தலைப்புக்கும் கோடத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். தொட்டியைப் பார்க்க உங்கள் நிருபர் தாராளமாக வரலாம். த்ரீ பேஸ் கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

— ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
முத்தோரை பாலாடா, உதகை.