ஒரு வார்த்தையைத் திருத்த 56 நாளா?

பெறுநர்: நோடல் அலுவலர், குறைதீர்ப்புப் பிரிவு, கிரெடிட் ஸ்கோர் போடும் நிறுவனம்
பொருள்: கிரெடிட் ரிப்போர்ட்டில் (கடன் வரலாற்று அறிக்கையில்) தவறான பதிவு, ஸ்கோர் 771-லிருந்து 648 ஆனது

ஐயா / அம்மா,

வணக்கம். மார்ச் 3-ஆம் தேதி உங்கள் இணையதளத்தில் புகார் பதிந்தேன். இன்று ஏப்ரல் 28. இது ஐந்தாவது கடிதம். இதற்காவது மனிதர் யாராவது பதில் எழுதுங்கள்.

பைக் லோனின் 36 தவணையையும் தவறாமல் கட்டி, 2022-லேயே கடன் பாக்கியில்லை என்ற சான்றிதழும் (என்.ஓ.சி.) வாங்கிவிட்டேன். போன வருடம் எடுத்த இலவச ரிப்போர்ட்டில் ‘க்ளோஸ்டு’ என்றுதான் இருந்தது. இந்த வருட ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’! முழுசாகக் கட்டினவன், பேரம் பேசிக் குறைத்துக் கட்டினவன் ஆகிவிட்டேன். அந்த வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்களுக்கு போன் செய்தபோது, 22 நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு லைனில் வந்த உங்கள் ஆள் சொன்னது: “ஒழுங்கா கட்டியிருந்தா ஸ்கோர் ஏன் சார் குறையப் போகுது?” சீல் வைத்த என்.ஓ.சி. அப்போது என் கையில் இருந்தது. எதற்கு எத்தனை புள்ளி குறைத்தீர்கள் என்றால், “சிஸ்டம் போடுறது சார், எங்களுக்கே காட்டாது.” 300-லிருந்து 900-க்குள் மார்க் போடுவீர்கள், விடைத்தாளைக் காட்ட மாட்டீர்கள். பத்தாவது எழுதிய என் மகளுக்குக்கூட மறுகூட்டல் கேட்க வழி இருக்கிறது!

லீவு போட்டு கோபியிலிருந்து ஈரோட்டுக்கு பஸ் ஏறினேன். கடன் கொடுத்த கம்பெனியில், “நாங்க சரியாத்தான் அனுப்பினோம், அவங்களைக் கேளுங்க” என்றார்கள். நீங்களோ அவர்கள் சொன்னால்தான் திருத்துவோம் என்கிறீர்கள். இதற்கிடையில் வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது. கொடுத்த அட்வான்ஸ் 1 லட்சம் போகப் போகிறது. வீடும் போச்சு, மானமும் போச்சு, பத்து வருட உழைப்பே மண்ணாப் போச்சு.

புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இன்றோடு 26 நாள், 2,600 ரூபாய். என் பஸ் செலவுக்கும் சம்பள வெட்டுக்குமே சரியாகப் போகும், ஆனாலும் விடமாட்டேன்.

தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள். அதை எந்தத் தேதியில், யார் அனுப்பிய தகவலை வைத்து மாற்றினீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள். உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் ஏழு நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போவேன். 2022 செப்டம்பரிலிருந்து உங்களைப் போன்ற நிறுவனங்களும் அதற்குள் அடக்கம். அதன்பின் நுகர்வோர் நீதிமன்றமும் இருக்கிறது.

என்.ஓ.சி. நகலை நான்காவது முறையாக இணைத்திருக்கிறேன். ஃபைல் திறக்கவில்லை என்று இந்த முறையும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
648 மார்க் வாங்கிய வாடிக்கையாளர்