விறைப்பு வேறு, வலிமை வேறு

ஆசிரியருக்கு,

வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது பற்றிய ஞாயிறு கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், விறைப்பாக இருக்க குரோம்மாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) குழாய்தான் வேண்டும் என்றது தப்பு. அதற்கு வலிமை அதிகம், எளிதில் உடையாது, சரி. விறைப்பில், அதாவது வளையாமல் முறுகாமல் நிற்பதில், சாதாரண மைல்டு ஸ்டீலும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விறைப்பைக் கூட்டுவது குழாய்களை அமைக்கும் விதம்தான். நாலு குச்சியைச் சதுரமாக ஆணியடித்து மூலையில் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும், குறுக்கே ஒன்று அடித்தால் அசையாது. 1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலும் இந்த முக்கோண வேலைதான். தொல்லை என்னவென்றால், ஆள் உட்காரும் இடத்தில் குறுக்குக் குழாய் வைக்க முடியாது. என் வண்டியில் ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் சட்டம் முறுகி, கதவு சாத்தவே வராது! இருக்கைகளுக்கு நடுவே நீளவாக்கில் ஓடும் சுரங்கம் போன்ற பகுதியைத் தகடடித்து மூடிய பெட்டியாக்கிய அப்புறம்தான் அடங்கியது.

ஒரு வாசகர், கோவை