எம்டன் கப்பலும் 9ஆம் வகுப்பும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக உங்கள் வீட்டில் ஊதுபத்தியும் தண்ணீர் பாட்டில் மூடிகளும் காணாமல் போவதற்கு எங்கள் 9ஆம் வகுப்புதான் காரணம். இரண்டு மூன்று பேர் நேரிலேயே கேட்டுவிட்டீர்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வகுப்பில் ஒரு பையனை அவன் பாட்டி "சரியான எம்டன்" என்று திட்டியிருக்கிறார். எம்டன் என்றால் என்ன என்று அவன் சமூக அறிவியல் ஆசிரியையிடம் வந்து கேட்டான். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர், முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி வாக்கில் இங்கே சென்னைக்கே வந்து குண்டு போட்டது என்று அவர் சொல்லவும், "நம்ம ஹார்பர்லயா மிஸ்?" என்று வகுப்பே எழுந்துவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அப்பாக்கள் நம் பள்ளியில் நிறையப் பேர் உண்டே! அந்த இரவை ஒரு காட்சிப் பெட்டிக்குள், அதாவது டையோரமாவாக, செய்து வைப்பது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

நிஜக் கப்பலின் நீளம் 118 மீட்டர், அகலம் பதின்மூன்றரை. 200இல் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு 59 செ.மீ. நீளத்தில் செய்கிறார்கள். கடலில் மிதக்கிற காட்சி என்பதால் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பாகம் வேண்டியதில்லை. இந்த அளவில் ஆறடி ஆள் ஒன்பது மில்லிமீட்டர்தான் வருவான். எம்டனில் பீரங்கிகள் 10: முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, பின்னால் அதேபோல் இரண்டு, நடுவே இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. முதலில் பேனா ரீஃபிலை வெட்டி ஒட்டினார்கள். பார்த்தால் கப்பல் மேல் தண்ணீர்க் குழாய் பதித்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் ஊதுபத்திக் குச்சிக்கு வந்தார்கள். வாசனையும் வருகிறது, அதை ஒன்றும் செய்வதற்கில்லை.

பெரிய சிக்கல் தூரத்தில் வந்தது. எம்டன் கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளி நின்று சுட்டது. 3,000 மீட்டரை 200ஆல் வகுத்தால் 15 மீட்டர். எங்கள் வகுப்பறையே ஏழு மீட்டர்தான்! கப்பலை வகுப்பிலும் துறைமுகத்தை வராந்தாவிலும் வைக்கலாமா என்று ஒருநாள் முழுக்கச் சண்டை. கடைசியில் ஒரு மாணவி வழி சொன்னாள். தூரத்தில் இருப்பது சின்னதாகத்தானே தெரியும், கரையை மட்டும் 1,000இல் ஒரு பங்காகச் செய்துவிடலாம், பெட்டியில் ஒரு துவாரம் போட்டு எல்லாரையும் கப்பலுக்குப் பின்னாலிருந்தே பார்க்க வைக்கலாம் என்றாள். அப்படித்தான் உங்கள் பாட்டில் மூடிகள், எம்டன் குறிவைத்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளாயின. பின்னால் உயர்நீதிமன்றக் கோபுரம் நிற்கிறது. அப்போது அதன் உச்சியில்தான் சென்னையின் கலங்கரை விளக்கம் இருந்தது. அன்று ஊரில் விளக்குகளை அணைத்து வைக்கவில்லை என்பதால் கோபுரத்துக்குள் ஒரு சின்ன பல்பும் உண்டு.

தவறுகளையும் சொல்ல வேண்டும். முதல் கப்பலை தெர்மாகோலில் செதுக்கி, அதன் மேல் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தார்கள். ஐந்தே நிமிடத்தில் எம்டன் கரைந்துபோனது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று வேதியியல் ஆசிரியர் வந்து விளக்கினார். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கலாம். இரண்டாவது கப்பல் அட்டையில் ஆனது. அதற்கு வெள்ளை அடித்து முடித்த பிறகு, வெள்ளை அமைதிக் காலத்து நிறம், போருக்கு முன்னாலேயே சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். மறுபடி பிரஷ்ஷை எடுத்தார்கள். கப்பலுக்குப் புகைபோக்கி மூன்றுதான். பிறகு மலேயாவின் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழையும்போது ஆங்கிலேயக் கப்பல் மாதிரி காட்டிக்கொள்ள நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிமிர்த்தி வைத்தார்கள். நாங்களும் அதைக் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறோம்.

இவ்வளவையும் விவரமாக எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் ஒரு வீட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கிய கப்பல் மாடல் வந்தது. அழகாகத்தான் இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் அப்பா ஒட்டி, அம்மா வர்ணம் தீட்டி அனுப்பும் பாகங்களும் பார்த்தாலே தெரிந்துவிடுகின்றன. அவை மட்டும் நேராக இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். கோணலாக இருந்தாலும் பிள்ளைகளே செய்யட்டும்.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று சில பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்தார்கள். நானும் சின்ன வயதில் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் 1914இல் அவர் சூரிச்சிலும் பிறகு பெர்லினிலும் இருந்தவர். ஆகவே பெட்டிக்குள் அவருக்கு இடம் இல்லை.

ஊர்மேல் குண்டு போட்ட கப்பலுக்கு இத்தனை மரியாதை எதற்கு என்று ஒரு தந்தை கேட்டார். நல்ல கேள்வி, அதை அப்படியே வகுப்பில் கேட்டேன். பையன்களுக்கு எம்டன் ஒரு கதாநாயகன். கேப்டன் ஃபான் முல்லர் பிடித்த கப்பல்களின் ஆட்களைக் கண்ணியமாக நடத்தினார், எதிரிகளே பாராட்டினார்கள் என்று எல்லாம் படித்து வைத்திருக்கிறார்கள். நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அது தோற்றதையும் செய்ய வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்போது அந்தத் துவார யோசனை சொன்ன மாணவி, அன்று துறைமுகத்தில் குறைந்தது 5 பேர் இறந்தார்களே, அவர்களை எங்கே வைப்பது என்றாள். 1,000இல் ஒரு பங்கில் ஒரு ஆள் இரண்டு மில்லிமீட்டர்கூட வரமாட்டான். மறுநாள் வீட்டிலிருந்து ஐந்து எள் கொண்டுவந்து துறைமுகத்தில் ஒட்டினாள். அளவு சரியாக இருந்தது என்பதால்தான் எள் என்றாள். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

சில ஏற்பாடுகள். கட்டர் பிளேடு பள்ளியில் மட்டும், ஆசிரியர் முன்னால்தான். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டோம். விளக்குகளுக்குப் பென்சில் பேட்டரி வாங்குங்கள், பட்டன் பேட்டரி வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. அந்த இரவைக் குறிக்கும் கல்வெட்டு உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு காலையில் பிள்ளைகளை அழைத்துப்போகிறோம். ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

காட்சி செப்டம்பர் 22 மாலை 5 மணிக்கு, 9ஆம் வகுப்பு அறையில். ஜன்னல்களை அடைத்து இருட்டாக்கி வைப்போம். துவாரம் ஒன்றுதான், வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். எள் துறைமுகத்தின் இடது ஓரத்தில் இருக்கிறது. கண் பழக ஒரு நிமிடம் ஆகும், பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்த வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்