ஒரு சிங்கிள் கோட் (') குறிக்காக மெனக்கெட்டவர்களுக்கு

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் அப்பாவுக்குக் காய்கறிக் கமிஷன் கடை. கொல்லம், கொட்டாரக்கரை, புனலூர் கடைக்காரர்கள் வாட்ஸப்பில் போடும் ஆர்டரை நான் டேட்டாபேஸில் ஏற்றுவேன். நானே எழுதிய ஒரு வலைப்பக்கம் அவற்றைத் திரட்டி, தடியங்காய் எத்தனை மூட்டை, முருங்கை எத்தனை கட்டு என்று கூட்டிப் பில் போடும். அப்புறம்தான் லாரி புளியரை வழியாக மலை ஏறும். ஓணத்துக்கு முந்தைய மூன்று வாரம் அந்தப் பக்கம் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. சில நாள் ஒழுங்காக ஓடும். சில நாள் பார்க்க லட்சணமாக இருக்கும், எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையாது. அப்பா பழையபடி பேனாவை எடுத்துவிடுவார்.

முதல் நன்றி புனலூர் சேட்டனுக்கு. நான் டவரைக் குறை சொல்லி, பிரவுசர் சேமித்து வைத்திருந்த பழைய நகல்களை (கேஷ்) அழித்து, பிரவுசரையும் மாற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவர் போனில் சண்டைக்கு வந்தார். "ஞான் ஓர்டர் இடுன்ன திவசம் மாத்ரம் வண்டி எந்தா வைகுன்னது?" மற்ற நாளில் பக்கத்துக் கடைக்கு லோடு நேரத்துக்கு வந்துவிடுகிறதாம். அவர் ஆர்டர் தருவது செவ்வாயும் வெள்ளியும். பக்கம் படுத்த நாட்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்று விடாமல் செவ்வாய், வெள்ளி!

அடுத்த செவ்வாய் இரவே செங்கோட்டையிலிருந்து பைக்கில் வந்த அண்ணாச்சிக்கு இரண்டாவது நன்றி. வந்ததும் எஃப்12 தட்டி, பக்கத்தின் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்தார். சிவப்பு எழுத்தில், 214ஆம் வரியில் சின்டாக்ஸ் எரர், அதாவது நிரலின் இலக்கணப் பிழை, என்று இருந்தது. என் பிஎச்பி ஃபைலில் மொத்தமே 130 வரிதான். இல்லாத வரியில் எப்படிப் பிழை வரும் என்று கேட்டேன்.

"உன் ஃபைலை பிரவுசர் கண்ணால பார்த்ததே இல்ல தம்பி. அது சர்வர்ல ஓடி, டேட்டாபேஸ்ல இருந்து பேரையெல்லாம் இழுத்துப் போட்டுக் கடைசியா ஒரு பக்கத்தைத் துப்புதுல்லா, பிரவுசருக்கு அதுதான் தெரியும். வரி நம்பரும் அதோடதுதான்."

பிரவுசருக்கு வந்து சேர்ந்த அந்தப் பக்கத்தின் பேஜ் சோர்ஸைத் திறந்து 214ஆம் வரிக்குப் போனோம். சேட்டனின் கடைப் பெயர். ஆங்கிலத்தில் மேரீஸ் என்று எழுதும்போது கடைசி எஸ்ஸுக்கு முன்னால் மேலே ஒரு குறி வருமே, அதுதான் வில்லன். பட்டன்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குள், பெயர்களின் இரு பக்கமும் அதே குறியை, அதாவது சிங்கிள் கோட்டை, போட்டு அடைத்திருந்தேன். பெயருக்குள் இருந்த குறியைப் பார்த்ததும், பெயர் அங்கேயே முடிந்தது என்று பிரவுசர் எடுத்துக்கொண்டது. மீதி எஸ் அதற்கு வெறும் உளறல். ஒரு ஸ்கிரிப்ட் துண்டில் எங்கே சின்டாக்ஸ் பிழை இருந்தாலும் அந்தத் துண்டு முழுவதும் ஓடாது. பட்டன்கள் எல்லாம் ஒரே துண்டில் இருந்ததால் ஒட்டுமொத்தமாகச் செத்தன.

கோட் குறியைக் கையால் போடாமல், பெயரை ஜேசன் என்கோட் (உள்ளே எந்தக் குறி இருந்தாலும் பெயர் உடையாமல் எழுதித் தரும் பிஎச்பி கட்டளை) வழியாக அனுப்பச் சொன்னார். ஒரே வரி மாற்றம். திட்டும் கிடைத்தது: வேண்டாதவன் ஒருவன் கடைப் பெயர் என்று நிரலையே எழுதி அனுப்பினால், அதுவும் உன் பக்கத்தில் ஓடியிருக்கும். நியாயமான திட்டு.

தென்காசியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் அக்காவுக்கும் நன்றி. புதிதாகச் சேர்க்கும் வரிசையில் மட்டும் நீக்கும் பட்டன் வேலை செய்யவில்லை. பக்கம் திறந்தபோது இருந்த பட்டன்களுக்குத்தான் நீ கிளிக்கைக் கேட்கும் காது வைத்திருக்கிறாய், பின்னால் பிறந்தவற்றுக்கு யார் வைப்பது என்றார். கிளிக் உள்ளிருந்து வெளியே ஏறி வரும், அதனால் அட்டவணைக்கு ஒரே ஒரு காது போதும் என்று காட்டிக்கொடுத்தார். பத்து நிமிடத்தில் முடிந்தது.

பில் வரும்வரை ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிய டிரைவர் அண்ணனுக்கும், நடுராத்திரியில் எல்லோருக்கும் தோசை சுட்ட அம்மாவுக்கும் தனியாகச் சொல்லிவிட்டேன்.

சேட்டா, வருகிற வெள்ளிக்கிழமை லோடில் ஒரு கட்டு முருங்கைக்காய் கூடுதலாக இருக்கும். பில்லில் தேட வேண்டாம்.