கிரேஸுக்கு, பெங்களூர் ஃபிரேசர் டவுனிலிருந்து

அன்புள்ள கிரேஸ்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே சாயங்காலமானால் மழை, அதோடு டிராஃபிக்.

உன் தம்பி மகன் மார்மன் சபைக்குப் போகிறானாம், துர்உபதேசத்திலிருந்து அவனை மீட்டுக் கொடு என்கிறாய். மீட்கிற வேலையெல்லாம் எனக்கு வராது. சாப்பிடக் கூப்பிட்டேன், வந்தான். காபியும் வேண்டாம், டீயும் வேண்டாம் என்றான். அவர்களுக்கு இரண்டுமே விலக்கு. நாகர்கோவில் பிள்ளை டீயை விட்டிருக்கிறான் என்றால் விளையாட்டுக்குப் போகவில்லை.

நீ அனுப்பிய துண்டுப்பிரசுரம் முழுக்க அவர்களைப் பிடிக்காதவர்கள் எழுதியது. 1985-ல் ஸ்டாக்ஹோமில் மார்மன் ஆலயம் வருவதற்கு எதிர்ப்பு கிளம்பியபோது, அந்த ஊர் லூத்தரன் பேராயர் கிரிஸ்டர் ஸ்டெண்டால் சொன்னது இது: ஒரு மதத்தைப் பற்றி அதன் ஆட்களிடம் கேள், எதிரிகளிடம் கேட்காதே, உன்னிடமுள்ள நல்லதை அவர்களிடமுள்ள கெட்டதோடு ஒப்பிடாதே, அவர்களிடம் பொறாமைப்படும்படி ஏதாவது இருந்தால் அதற்கும் மனதில் இடம் வை.

உன் பிரசுரம் இரண்டாவதிலேயே விழுந்துவிட்டது. 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் தரவில்லை என்கிறது. உண்மைதான், அசிங்கமான உண்மை. ஆனால் வடக்கன்குளம் கோயிலில் சாதி பிரித்த சுவரை 1910-ல் தானே இடித்தார்கள்? அது ஆர்.சி. கோயில் என்பாய். சரி, நம் சபைத் தேர்தல் நேரத்தில் யார் எந்தச் சாதி என்று விரல்விட்டு எண்ணுவது யார்?

மார்மன் சபையை ஆரம்பித்த ஜோசப் ஸ்மித்துக்குத் தேவதூதன் பொன் தகடுகளைக் காட்டினான் என்றால் சிரிக்கிறாய். கன்னி பிள்ளை பெற்றாள் என்றால் நம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அவர்கள் சபை பிறந்தது 1830-ல், செய்தித்தாள் காலத்தில். அதனால் தோண்டித் துருவ முடிகிறது. ஆபிரகாம் எழுதியது என்று ஸ்மித் மொழிபெயர்த்த பாப்பிரஸ் என்ற பழைய எகிப்தியச் சுவடியில் சில துண்டுகள் 1960-களில் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் அகப்பட்டன. எகிப்திய அறிஞர்கள் பார்த்து, இவை சவ அடக்கச் சுவடிகள் என்றார்கள். உன் தம்பி மகனிடமே இதைக் கேட்டேன். "தெரியும் ஆன்ட்டி, எனக்கும் அது உறுத்துகிறது" என்றான். நம் வாலிபர் கூட்டத்தில் எத்தனை பேர் இப்படிப் பேசுவார்கள்?

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று மழுப்ப மாட்டேன். பிதாவுக்கு மாம்ச சரீரம் உண்டு, குமாரன் தனி ஆள் என்கிறார்கள். பிதாவும் குமாரனும் ஒரே தெய்வம் என்கிற நம் நிசேயா விசுவாசப்பிரமாணத்தோடு அது ஒட்டவே ஒட்டாது. அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-ல் வாத்திக்கன் சொன்னது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் நம் விசுவாசத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது வேறு, ஏமாற்றுக் கூட்டம் என்பது வேறு.

பொறாமைக்கு வருகிறேன். எங்கள் ஆச்சி ஞானஸ்நானம் எடுக்காமலே போனாள். அவள் எங்கே என்று சின்ன வயதில் கேட்டேன். நம் சபை போதகர் ஐயர் பதில் சொல்லாமல் ஜெபம் செய்தார். மார்மன்கள் இறந்த முன்னோர்களுக்காக ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுக்கிறார்கள். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்துமாவின் இஷ்டமாம். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் ஆச்சிக்கு ஒரு வழி யோசித்திருக்கிறார்களே.

இந்தியாவின் முதல் ஆலயத்துக்கு 2018-ல் பெங்களூரைத்தான் அறிவித்தார்கள். உன் தம்பி மகன் இப்போதே முன்னோர் பட்டியல் போடுகிறான். உன் தாத்தா பெயரும் அதில் இருக்கிறது, பிறந்த வருஷம்தான் தெரியவில்லையாம். திட்டுவதானாலும் அவனுக்கே ஃபோன் போட்டுத் திட்டு.

அன்புடன்,
மெர்சி